வியூஃபைண்டரில் கண் வைத்தாலே எரிகிறதா? போடி மலையில் ஒரு கேமராக்காரருக்குக் கிடைத்த பாடம்!

காலை 6 மணி. போடிநாயக்கனூரிலிருந்து முந்தலைத் தாண்டி, 17 கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறி முடித்து, போடிமெட்டுக்கு அந்தப் பக்கம் ஓர் ஏலத்தோட்டத்துக்குள் நின்றுகொண்டிருந்தேன். ராத்திரி பெய்த மழையில் இலைகள் சொட்டிக்கொண்டிருந்தன. எனக்கு முன்பே ஜீப்பில் வந்துவிட்ட பெண்கள், செடிகளின் தூரில் குனிந்து காய் எடுக்க ஆரம்பித்துவிட்டார்கள்.

ஏலக்காய் செடியின் உச்சியில் காய்ப்பதில்லை. தூரிலிருந்து தரையை ஒட்டி ஓடும் சரங்களில்தான் காய்க்கும். அதனால் காய் எடுப்பவர் மட்டுமல்ல, அவரைப் படம் எடுப்பவரும் தரையோடு தரையாகக் குனிய வேண்டும்.

குனிந்தேன். ஆளுயர இலைகளைக் கையால் விலக்கிவிட்டு வியூஃபைண்டரில் வலது கண்ணை வைத்தேன். பத்து நிமிடம்கூட ஆகியிருக்காது. கண் கரிக்க ஆரம்பித்தது. விரலால் தேய்த்தேன். எரிச்சல் இன்னும் கூடியது. தண்ணீர் தாரையாகக் கொட்ட, ஃபோகஸ் எங்கே இருக்கிறதென்றே தெரியவில்லை.

பக்கத்தில் காய் எடுத்துக்கொண்டிருந்த அக்கா தலையை நிமிர்த்தாமலே சொன்னார்: "கையக் கழுவிட்டுக் கண்ணத் தொடு தம்பி. நேத்துத்தான் இங்கிட்டு மருந்தடிச்சாக."

சிரித்துக்கொண்டே அடுத்த படத்துக்கு நகர்ந்துவிட்டேன். அந்த ஒரு வரியைக் காதில் வாங்கியிருந்தால், அடுத்த மூன்று மாதம் அலைந்திருக்க மாட்டேன்.

பழியை கேமரா மேல் போட்டேன்!

கல்யாணம், காதுகுத்து, சீசன் நேரத்தில் மலைப்படங்கள் என்று இருபது வருடங்களுக்கு மேலாக கேமராதான் எனக்குச் சோறு போடுகிறது. எங்கள் பக்கத்து மலைகளும் கேமராவுக்குப் புதிதில்லை. 'மைனா' குரங்கணிப் பக்கம் எடுத்த படம். ஏலத்தோட்டத் தொழிலாளர்களின் வாழ்க்கையைச் சொன்ன 'மேற்குத் தொடர்ச்சி மலை'யை எங்கள் மாவட்டத்துக்காரரான தேனி ஈஸ்வர் ஒளிப்பதிவு செய்தார்.

அந்த வருடம்தான் பழைய எஸ்.எல்.ஆர் கேமராவை விற்றுவிட்டு மிரர்லெஸ் வாங்கியிருந்தேன். கண் எரிச்சலும் அதே சமயத்தில் வந்ததால் கேமரா மேல்தான் சந்தேகம் போனது.

எஸ்.எல்.ஆர் கேமராவில், லென்ஸ் வழியாக வரும் வெளிச்சத்தையே உள்ளே இருக்கும் கண்ணாடி திருப்பி நம் கண்ணுக்கு அனுப்பும். மிரர்லெஸ் அப்படியல்ல. விரல் நகம் அளவுக்கு ஒரு குட்டித் திரை உள்ளே எரியும். அதைத்தான் உருப்பெருக்கி வழியாகப் பார்க்கிறோம். "கண்ணுக்குள்ள டிவியை வச்சா எரியாம என்ன செய்யும்?" என்று நண்பர்கள் கேட்டார்கள். நானும் நம்பினேன்.

கேமராவை மாற்ற அப்போது காசில்லை. ஆகவே, கண்ணுக்கு வைத்தியம் ஆரம்பித்தேன். அம்மாவுக்குக் கண்புரை ஆபரேஷன் செய்தபோது வாங்கிய சொட்டு மருந்து ஃபிரிட்ஜில் மிச்சமிருந்தது. இரண்டு நாள் விட்டேன். சிவப்பு சட்டென்று போய்விட்டது. நிறுத்தினால் திரும்பி வந்தது. மறுபடி விட்டேன். ஒரு முகூர்த்த நாளில், மாப்பிள்ளை தாலி கட்டும் நேரத்தில் வலது கண்ணைத் திறக்கவே முடியாமல் இடது கண்ணால் எடுத்துச் சமாளித்த பிறகுதான் பயம் வந்தது. கண் போனால் என் பிழைப்பே போச்சு!

தேனியில் ஒரு கண் டாக்டரிடம் போனேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அந்த மருந்தையும் கேமராவையும் சாயங்காலம் எடுத்துட்டு வாங்க சார்" என்றார்.

வெள்ளைப் பஞ்சு சொன்ன உண்மை

மருந்தைப் பார்த்ததும் டாக்டரின் முகம் மாறிவிட்டது. "இது ஸ்டீராய்டு சார். ஆபரேஷன் பண்ணவங்களுக்குக் கணக்கா நாள் குறிச்சுக் கொடுக்கறது. நீங்க பாட்டுக்கு விட்டா கண்ணுல பிரஷர் ஏறும்" என்றவர், முதல் வேலையாகக் கண் அழுத்தத்தைப் பார்த்தார். நல்லவேளை, ஏறவில்லை. பிறகு கீழ் இமைக்குள் ஒரு சின்னத் தாளை ஐந்து நிமிடம் செருகி வைத்து, கண்ணீர் எவ்வளவு ஊறுகிறது என்று பார்த்தார். குறைவாக இருந்தது.

அடுத்துதான் கேமராவைக் கையில் எடுத்தார். வியூஃபைண்டரைச் சுற்றி ஒரு ரப்பர் வளையம் இருக்கும் அல்லவா, ஐகப் என்போம். அதை ஈரப்பஞ்சால் ஒரு சுற்று துடைத்துக் காட்டினார். பஞ்சு காப்பிப்பொடி நிறத்தில் இருந்தது.

"லென்ஸை எத்தனை தடவை துடைப்பீங்க?"

"ஒரு நாளைக்குப் பத்துத் தடவை மேடம்."

"இதை?"

என்னிடம் பதில் இல்லை. "திரை மேல பழி போடாதீங்க. ஒரே காரணம் இல்ல, நாலஞ்சு காரணம் சேர்ந்திருக்கு" என்று அவர் சொன்னதையும், பிறகு நான் தேடிப் படித்துத் தெரிந்துகொண்டதையும் இங்கே தருகிறேன்.

1. கண்ணைத் தொடும் ரப்பர்

அந்தக் கால ஸ்டூடியோக்காரர் கறுப்புத் துணிக்குள் தலையை நுழைத்துப் பார்த்தார். அடுத்து வந்தவர் யாஷிகாவை வயிற்றுக்கு நேராகப் பிடித்துக் குனிந்து பார்த்தார். இரண்டிலும் கேமரா கண்ணை ஒட்டிக்கொண்டே இருக்கவில்லை. இன்று நாம் மணிக்கணக்கில் இமையை ஐகப்பின் மேல் அழுத்திக்கொண்டு நிற்கிறோம்.

நெற்றி வியர்வை, தலைக்கு வைத்த எண்ணெய், விபூதி, முகத்தில் தடவிய சன்ஸ்கிரீன் எல்லாம் அந்த ரப்பரில் படிகின்றன. வியர்த்ததும் கரைந்து கண்ணுக்குள் இறங்குகின்றன. சன்ஸ்கிரீன் கண்ணில் பட்டால் எப்படி எரியும் என்று பட்டவர்களுக்குத் தெரியும்.

மலைத்தோட்டத்தில் இன்னொன்றும் சேர்கிறது. ஏலத்தில் தண்டு துளைக்கும் புழுவுக்கும் இலைப்பேனுக்கும் அடிக்கடி பூச்சிமருந்து அடிப்பார்கள். இலையை விலக்கிய கையால் கேமராவைப் பிடிக்கிறோம். அதே விரலால் கண்ணைத் தேய்க்கிறோம். மருந்து கண்ணில் பட்டால் எரிச்சலோடு நிற்காது. குயினால்பாஸ் போன்ற ஆர்கனோபாஸ்பேட் வகை மருந்துகள், கண்மணியைச் சுருக்கிப் பார்வையை மங்கலாக்கவும் கூடும். அக்கா சொன்னது இதைத்தான்!

சிலருக்கு ரப்பரே ஆகாது. ரப்பரைப் பதப்படுத்தச் சேர்க்கும் ரசாயனங்கள் ஒவ்வாமையை உண்டாக்கலாம். கண்ணுக்குள் எரிச்சல் குறைவாகவும், இமையைச் சுற்றி வளையமாக அரிப்பும் தடிப்பும் இருந்தால் ஐகப்பைச் சந்தேகப்படலாம். சிலிகான் ஐகப் மாட்டிப் பார்க்கலாம்.

2. இமைக்க மறந்த கண்

சாதாரணமாக நாம் நிமிடத்துக்குச் சுமார் 15 முதல் 20 முறை கண் சிமிட்டுகிறோம். ஒவ்வொரு சிமிட்டலிலும் கண்ணீர் ஒரு மெல்லிய படலமாகக் கருவிழியில் பரவுகிறது. எதையாவது உற்றுப் பார்த்தால் சிமிட்டுவது பாதிக்கும் கீழே குறைந்துவிடும். 'இப்போது சிரிப்பார், இப்போது தாலி ஏறும்' என்று காத்திருக்கும் கேமராக்காரர், சிமிட்டினால் காட்சி போய்விடுமோ என்று பிடித்துவைத்துக்கொள்கிறார். படலம் உலர்கிறது. கண் எரிகிறது.

'எனக்குத்தான் தண்ணீராகக் கொட்டுகிறதே, வறட்சி எப்படி?' என்று நானும் கேட்டேன். உலர்ந்து உறுத்தும்போது அதைக் கழுவக் கண் அவசரமாகக் கொட்டும் தண்ணீர் அது. கண்ணில் தங்கிக் காக்கும் படலம் வேறு.

எங்கள் ஊரில் ஆனி, ஆடிக் காற்று இதற்குத் துணை. கணவாய் வழியாக இறங்கும் காற்றில் முகத்தைக் காட்டிக்கொண்டு நின்றால் கண் இன்னும் சீக்கிரம் காயும். இலவங்காய் வெடிக்கும் காலத்தில் பஞ்சு பறக்கும். ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோருக்குள் போனால் விறகுப் புகை.

3. யாரும் தொடாத குட்டிச் சக்கரம்

வியூஃபைண்டருக்குப் பக்கத்தில், பிளஸ் - மைனஸ் குறியோடு ஒரு சின்னச் சக்கரம் இருக்கும். டயாப்டர் சக்கரம். நம் கண் பவருக்கு ஏற்ப வியூஃபைண்டரைச் சரிசெய்வது இதுதான். எனக்கு வயது 46. நாற்பதைத் தாண்டினால் கண்ணின் குவிக்கும் சக்தி குறையும். நானோ கேமரா வாங்கிய நாளிலிருந்து அந்தச் சக்கரத்தைத் தொட்டதில்லை. பையிலிருந்து எடுத்துப் போடும்போது அதுவே நகர்ந்து எங்கேயோ நின்றிருந்தது. மங்கலாகத் தெரிவதைத் தெளிவாக்கக் கண் நாள் முழுக்கப் போராடியிருக்கிறது. சாயங்காலத் தலைவலிக்கும் அதுதான் காரணம்.

சரிசெய்வது ஒரு நிமிட வேலை. கேமராவை வெற்றுச் சுவரைப் பார்த்துப் பிடியுங்கள். சுவரைப் பார்க்காதீர்கள், வியூஃபைண்டருக்குள் தெரியும் எண்களையும் எழுத்துகளையும் பாருங்கள். அவை கூர்மையாகத் தெரியும்வரை சக்கரத்தைத் திருப்புங்கள். தூரத்து மரத்தை ஒருமுறை பார்த்துக் கண்ணுக்கு ஓய்வு கொடுத்துவிட்டு மறுபடி சரிபாருங்கள். கண்ணாடி போட்டுக்கொண்டு படம் எடுப்பவர் கண்ணாடியோடும், கழற்றிவிட்டு எடுப்பவர் கழற்றியும் சரிசெய்ய வேண்டும். உங்கள் கண்ணில் சிலிண்டர் பவர் இருந்தால் இந்தச் சக்கரத்தால் அதைச் சரிசெய்ய முடியாது, கண்ணாடி வேண்டும்.

4. மூடிய இன்னொரு கண்

ஒரு கண்ணை இறுக்கி மூடியே வைத்திருந்தால் முகத்தசைகள் இழுபட்டு, திறந்திருக்கும் கண்ணும் சுருங்கும். இரண்டு கண்ணையும் திறந்து வைத்துப் பார்க்கப் பழகினால் சோர்வு குறையும். முதல் வாரம் கஷ்டமாக இருக்கும், பழகிவிடும். மிரர்லெஸ் வைத்திருப்பவர்கள் இருட்டான மண்டபத்தில் வியூஃபைண்டர் வெளிச்சத்தைக் குறைத்துக்கொள்ளலாம். வெளியே இருட்டு, உள்ளே பளிச்சென்ற திரை என்று மாறி மாறிப் பார்ப்பதுதான் கண்ணை அசத்துகிறது.

5. "எங்க, நானும் பார்க்கிறேன்!"

கல்யாண வீட்டில் யாராவது ஒரு மாமா கேட்பார். நாமும் கேமராவைக் கொடுப்போம். உதவியாளரும் அதே கேமராவில் எடுப்பார். 'மெட்ராஸ் ஐ' பரவும் காலத்தில் இது ஆபத்து. 2023 ஜூலை, ஆகஸ்ட்டில் நாடு முழுக்கப் பரவியது நினைவிருக்கும். நோயாளியைப் பார்த்தாலே ஒட்டிக்கொள்ளாது. கண்ணீர் பட்ட கையும் பொருளும்தான் பரப்பும். இதை உண்டாக்கும் அடினோ வைரஸ், காய்ந்த பிளாஸ்டிக்கின் மேலும் நாள்கணக்கில் உயிரோடு இருக்கும். கண் சிவந்து பீளை தள்ளுகிறவரிடம் கேமராவைக் கொடுக்காதீர்கள். உங்களுக்கே வந்திருந்தால், குணமாகும்வரை பின்பக்கத் திரையைப் பார்த்து எடுங்கள்.

எரிச்சலைவிடப் பெரிய ஆபத்து

டாக்டர் கடைசியாகச் சொன்னதுதான் என்னை உலுக்கியது. "எரிச்சலோட வந்தீங்க, பரவாயில்ல. ஏலத்தட்டை, இலை ஏதாச்சும் கண்ணுல கீறியிருந்து, அதுமேல இந்த ஸ்டீராய்டை விட்டிருந்தா கருவிழியே போயிருக்கும்."

செடி, வைக்கோல், உமி போன்றவை கண்ணில் கீறினால், அந்தக் கீறல் வழியாகப் பூஞ்சை உள்ளே போய்ப் புண்ணாக்கும். தேனி தனி மாவட்டமாகப் பிரியாத காலத்தில், 1990-களில் மதுரை மாவட்டத்தில் ஓர் ஆய்வு நடந்தது. வருடத்துக்கு லட்சம் பேரில் 113 பேருக்குக் கருவிழிப் புண் வருவதாக அது சொன்னது. அமெரிக்காவின் ஒரு மாவட்டத்தில் கணக்கெடுத்ததைப்போல இது ஏறக்குறைய பத்து மடங்கு! பூஞ்சைப் புண்ணுக்கு ஸ்டீராய்டு சொட்டு மருந்து, எரிகிற தீயில் எண்ணெய் ஊற்றுவதுபோல. சிவப்பு குறையும், வலி குறையும், உள்ளே பூஞ்சை வளரும். தாய்ப்பால், விளக்கெண்ணெய், நந்தியாவட்டைப் பூச்சாறு என்று விடும் கைவைத்தியமும் வேண்டாம். சிவப்பை உடனே போக்கும் சில சொட்டு மருந்துகள் ரத்தக்குழாய்களைச் சுருக்க மட்டுமே செய்யும். நிறுத்தினால் சிவப்பு திரும்பும்.

இன்னோர் ஆபத்து வலியே இல்லாமல் வரும். கொழுக்குமலையில் சூரிய உதயம் எடுக்கப் போகிறவர்கள் கவனிக்க: எஸ்.எல்.ஆர் வியூஃபைண்டரில், டெலி லென்ஸ் வழியாகச் சூரியனைப் பார்த்தால் விழித்திரை சுட்டுப்போகலாம். அப்போது எரியாது, உறுத்தாது. சில மணி நேரம் கழித்துப் பார்வையின் நடுவில் ஒரு கறை தெரியும். மிரர்லெஸ்ஸில் சூரிய ஒளி நேராகக் கண்ணுக்கு வராது. நான் திட்டிய அந்தக் குட்டித் திரை, இந்த ஒரு விஷயத்தில் கண்ணைக் காப்பாற்றுகிறது!

கண் நோய்க்கு நாம் தூரம் போக வேண்டியதில்லை. 1976-ல் மதுரையில் டாக்டர் ஜி.வெங்கடசாமி 11 படுக்கைகளோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனைக்குத் தேனியிலும் கிளை இருக்கிறது. அரசு மருத்துவமனைகளிலும் கண் பிரிவு உண்டு.

கேமராக்காரர்கள் இதைச் செய்யுங்கள்

* ஐகப்பைக் கழற்ற முடிந்தால் கழற்றி, வாரம் ஒருமுறை சோப்புத் தண்ணீரில் கழுவி நன்றாகக் காயவிடுங்கள். வேலை முடிந்த தினமும் ஈரத்துணியால் துடையுங்கள். சானிடைசர் போட்டுத் துடைத்தால், முழுவதும் காய்ந்த பிறகே கண் வையுங்கள்.

* தோட்டத்துக்குள் போகும்போது தண்ணீர் கேனும் சோப்பும் எடுத்துப்போங்கள். என்றைக்கு மருந்தடித்தார்கள் என்று கேட்டுவிட்டு உள்ளே நுழையுங்கள்.

* பூச்சிமருந்து கண்ணில் பட்டால் சுத்தமான தண்ணீரை 15 நிமிடங்களுக்குக் குறையாமல் ஊற்றிக் கழுவி, உடனே மருத்துவமனைக்குப் போங்கள். மருந்து டப்பாவின் லேபிளையும் கொண்டுபோங்கள்.

* ஒவ்வொரு படத்துக்குப் பிறகும் கேமராவைக் கண்ணிலிருந்து எடுத்து, இரண்டு முறை முழுதாக இமையுங்கள். 20 நிமிடத்துக்கு ஒருமுறை, 20 அடிக்கு அப்பால் இருப்பதை 20 விநாடி பாருங்கள்.

* மலையேறி இறங்கும்போது வியூஃபைண்டர் பனிபடர்ந்தால் விரலால் தேய்க்காதீர்கள். பையை மூடியே வைத்திருந்து, சூடு சமமான பிறகு எடுங்கள்.

* வலி, பார்வை மங்கல், வெளிச்சம் பார்த்தால் கூச்சம், கருவிழியில் வெள்ளைப் புள்ளி: இவற்றில் ஒன்று இருந்தாலும் அன்றே டாக்டரைப் பாருங்கள். வீட்டில் மிச்சமிருக்கும் கண் மருந்தை இன்றே குப்பையில் போடுங்கள்.

ஒரு படம் காட்டிய உண்மை

டாக்டர் எழுதிக் கொடுத்த செயற்கைக் கண்ணீர் சொட்டு, புது ஐகப், சரியான டயாப்டர், அவ்வளவுதான். மூன்றே வாரத்தில் எரிச்சல் போய்விட்டது. கேமரா அதே கேமராதான்.

கொஞ்ச நாள் கழித்து, பிரின்ட் போடுவதற்காக அன்றைக்கு எடுத்த படங்களைக் கம்ப்யூட்டரில் பெரிதாக்கிப் பார்த்தேன். அந்த அக்காவின் படம் ஒன்று நன்றாக வந்திருந்தது. பச்சை இலைகளுக்கு நடுவே முகம், கை நிறையக் காய். இன்னும் பெரிதாக்கினேன். இரண்டு கண்களும் கோவைப்பழமாகச் சிவந்திருந்தன.

வியூஃபைண்டரில் அந்த முகத்தை எத்தனையோ நிமிடம் பார்த்திருக்கிறேன். வெளிச்சம் பார்த்தேன், ஃபோகஸ் பார்த்தேன். கண்ணைப் பார்க்கவில்லை. பத்து நிமிடம் எரிந்த என் கண்ணுக்கு நான் மூன்று மாதம் அலைந்தேன். அவர் அந்த இலைகளுக்குள் நாள் முழுக்க, சீசன் முழுக்க உட்கார்ந்திருக்கிறார்.

அடுத்த சீசனில் அதே தோட்டத்துக்குப் போனேன். தண்ணீர் கேன், சோப்போடு, கண்ணை மூடிக்கொள்ளும் பாதுகாப்புக் கண்ணாடிகள் நாலைந்து வாங்கிப்போனேன். மருந்தடித்த லேபிளில் போட்டிருக்கும் நாள்கணக்கு முடியும்வரை ஆள் இறக்க வேண்டாம் என்று கங்காணியிடமும் பேசினேன். "முதலாளிட்டச் சொல்றேண்ணே" என்றார்.

அக்கா கண்ணாடியைப் போட்டுப் பார்த்துவிட்டு, "ஆவி படியுதே தம்பி" என்று கழற்றினார். பிறகு துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டார். நான் கேமராவைத் தூக்கியதும் கையால் தடுத்தார்.

"மொதல்ல கையக் கழுவிட்டு வா!"

கழுவிவிட்டு வந்துதான் எடுத்தேன்.